அறுபத்தோரு நாள்

ஏப்ரல் பதினைந்து.
விசைப்படகைக் கட்டிப்போட்ட கையோடு
சமையலறைச் சுவரை இடித்தார்கள்.
லியோனின் கணக்கு சுலபம்:
தடைக்காலம் அறுபத்தோரு நாள்.
ஓர் அறை, ஒரு கக்கூஸ், தரையை ஓரடி தூக்கல்.
மீன் முட்டையிட்டு முடிப்பதற்குள்
வீடும் ஒன்று ஈன்றுவிடும்.

தங்கச்சிமடத்தில் ரோடு போடும்போதெல்லாம்
எங்கள் வீடு கொஞ்சம் குள்ளமாகும்.
மூன்று தார் பூச்சில் மூன்று படி புதைந்து
போன ஐப்பசியில் மழை
செருப்பைக்கூடக் கழற்றாமல்
நேரே உள்ளே வந்து உட்கார்ந்தது.

இடித்த சுவருக்குள் பவளக்கல்.
மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக,
சில கல்லில் தேன்கூட்டுக் கண்.
மாமனார் காலத்தில் கடலில் பெயர்த்தது.
இன்றைக்கு ஒன்றைத் தொட்டால் வனத்துறை கேஸ்.
சித்தாள் பஞ்சவர்ணம்
ஒரு துண்டை எடுத்துக் குதிகால் தேய்த்துப் பார்த்தாள்.
"நல்லாத்தான் இருக்கு."
ஒன்றைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
மிச்சத்தைத் தரைக்கு அடியில் கொட்டி
தண்ணீர் விட்டு இடித்து இறுக்கினோம்.
கடலை மிதித்துத்தான்
கடலுக்கு மேலே ஓரடி ஏறியிருக்கிறோம்.

தரை ஏறியது, நிலை ஏறவில்லை.
லியோன் நெற்றியில் தினம் ஒரு வீக்கம்.
இருபது வருஷமாக நுழைந்த வாசல்
காலுக்கு மனப்பாடம்,
தலைக்குப் புதுப்பாடம்.
மின்விசிறி காதோரம் வந்து பேசியது.
சுவிட்ச் எல்லாம் இடுப்புக்கு இறங்கிவிட்டது.

அடுப்பு தார்ப்பாய்க்குக் கீழே.
சோளகக் காற்று குழம்பில் சிமெண்ட் தூவும்.
பிரின்சி தட்டை மூடிக்கொண்டு சொல்வாள்:
"அம்மா, வயித்துக்குள்ள செட் ஆயிரும்."
குடம் பத்து ரூபாய்த் தண்ணீரை
நாங்கள் குளிக்காமல்
சுவரைக் குளிப்பாட்டினோம், காலையும் மாலையும்.
கட்டப்போகும் கக்கூஸ்
முதலில் வாய்த்தது பூனைக்குத்தான்:
எம்சாண்ட் குவியல், கடல் பார்த்த இடம்.

காத்தமுத்துக் கொத்தனாருக்கு
தெரிந்த கிழமை ஒன்றே ஒன்று: நாளைக்கு.
"நாளைக்கு முடிச்சிரலாம்க்கா."
அட்வான்ஸ் வாங்கிய மறுநாள்
அவர் போன் கடலுக்குப் போய்விடும்.
பாம்பனில் இன்னொரு சுவர், மண்டபத்தில் ஒரு தொட்டி.
மேஸ்திரி இல்லாத நாளில்
லியோன் சாரத்தில் ஏறி நின்று
ஒன்றும் செய்யாமல் பாலத்துப் பக்கம் பார்ப்பார்.

ஃபிரிட்ஜ் எங்கள் கட்டிலோரம்.
இரவில் அது உறுமி உறுமிச் சட்டென நிற்கும்.
அந்த நிமிஷம் லியோன் விழித்து உட்காருவார்,
நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டதென்று.
"ஐஸ்பொட்டிதான், படுங்க" என்பேன்.
கொஞ்ச நேரம் இருட்டில்
திசை தேடிவிட்டுப் படுப்பார்.

கான்கிரீட் போட்ட அன்று
என் கழுத்துச் சங்கிலி கம்பியாகி மேலே போனது.
எல்லாத் தூணிலும் மூன்றடி மிச்சம் விடச் சொன்னார்.
"நாளைக்கு மாடி எடுக்கணும்ல?"
கொத்தனாரின் கிழமை
இவருக்கும் ஒட்டிக்கொண்டது.
மாடியில் யார் இருக்கப்போகிறார்கள் என்று கேட்கவில்லை.
பதினைந்தே நாளில் கம்பி எல்லாம் சிவந்துவிட்டன.
திருஷ்டிக்குப் பூசணிக்காய் கட்டியிருக்கிறோம்,
அதுவும் உப்புக் காற்றில் வாடுகிறது.

ஜூன் பதினான்கு.
டோக்கன் வாங்கி, ஐஸ் ஏற்றி,
இன்னும் ஈரமாயிருந்த தரையில்
பலகை மேல் பலகையாய்க் கால் வைத்து
லியோன் வெளியேறினார்.
வாசலில் மறக்காமல் குனிந்தார்.
கக்கூசுக்குக் கதவு வரவில்லை.
பழைய தார்ப்பாயை மடித்துத் தொங்கவிட்டேன்,
யாராவது உள்ளே இருந்தால் இருமணும் என்று சட்டம்.

அன்றிரவு புது அறையில் படுத்தோம்.
பச்சைப் பூச்சு வாசம்.
பிரின்சி சுவரில் விரல் வைத்து
எழுதி எழுதித் தூங்கிப்போனாள்.
ஒரு மணிக்கோ இரண்டுக்கோ
ஃபிரிட்ஜ் நின்றது.

எழுந்து உட்கார்ந்தேன்.
காத்துக்கொண்டே இருந்தேன்,
அது மறுபடி உறுமட்டும் என்று.
பிறகு தூக்கம் வரவில்லை.
அரைக்குடம் தண்ணீர் மீதி இருந்தது,
எடுத்துப்போய்ச் சுவருக்கு ஊற்றினேன்.